முதலாளி செய்த உதவி

"மாலையும் போட்டு, கும்பிடு வேற போடுதா பாரு! உலகம் பூரா போய் மெடல் வாங்குனவளுக்குச் சூடு சொரணை வேண்டாமாட்டீ?"

ராக்கம்மாள் பல்லைக் கடித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த மகள் ஆஷா, "மெதுவாம்மா, சூப்பர்வைசர் பாக்காரு" என்று முழங்கையால் இடித்தாள்.

முதலிபாளையம் தேஜஸ்ரீ நிட்ஸ் பனியன் கம்பெனியில் அன்று பாராட்டு விழா. மேடையில் விஜயராணி. ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் ஆசியப் போட்டிகளில் இரண்டு தங்கம், உலகப் போட்டியில் ஒரு வெள்ளி. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனியில், ராக்கம்மாளுக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து பனியன் தைத்தவள்.

அவள் போட்ட மாலையோடு முதலாளி லிங்கசாமி மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் டிவிக்காரர்கள். கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் பையிங் ஆபீஸிலிருந்து வந்த ஒரு மேடம்.

"இந்தப் புள்ள ஓடும்னு மொதல்ல கண்டுபுடிச்சது ஆருன்னு நெனைக்கறீங்க? நாந்தானுங்க! சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா, 'மிஷினை ஆப் பண்ணு கண்ணு, போயி ஓடிப் பழகு'ன்னு கேட்டு வரைக்கும் வந்து அனுப்பி வெப்பனுங்க!"

கைதட்டல்.

ராக்கம்மாள் தட்டவில்லை. "அஞ்சு மணிக்கு விட்டீங்கன்னா கிரவுண்டுக்குப் போயிருவேன் மொதலாளி, விடியக்கால வந்து பீஸை முடிச்சுத் தாரேன்" என்று விஜயராணி கெஞ்சியது அவள் கண்ணெதிரில்தான். "ஓடறதுன்னா ஒரேடியா ஓடிப் போயிரு" என்று வெளியே அனுப்பியவர்தான் இந்த லிங்கசாமி.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு நீளம் தாண்டுதலில் மாவட்ட அளவில் ஜெயித்த ஆஷா போன வாரம் அதையே கேட்டாள். "ஏன், மிஷினைத் தாண்டிக் குதிக்கப் போறியா? போயி எட்டரை வரைக்கும் வேலையப் பாரு" என்று பதில் வந்தது.

"இரு, இப்ப மைக் அவ கைக்குத்தான் வருது. கிழிச்சுத் தொங்கவிடப் போறா" என்றாள் ராக்கம்மாள்.

விஜயராணி மைக்கை வாங்கினாள்.

"மொதலாளி சொன்னது சரியில்லீங்க."

லிங்கசாமி கர்சீப்பை எடுத்தார்.

"தன்னைப் பத்திப் பெருமையாச் சொல்லிக்க அவருக்கு வராது. பாதியத்தான் சொன்னாரு. அஞ்சு மணிக்கு அனுப்புனாரு, சரி. சம்பளத்துல ஒரு பைசா பிடிக்கலையே, அதைச் சொன்னாரா? கம்பெனி வேன்லயே கிரவுண்டுல இறக்கிவிட்டாரே, அதைச் சொன்னாரா? தினம் ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால் குடுத்தாரே, அதையும் மறைச்சிட்டாரு!"

லிங்கசாமி கர்சீப்பை மடித்து உள்ளே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாலா?" என்று மகள் பக்கம் திரும்பினாள் ராக்கம்மாள். "டீயே ரெண்டாவது தடவ கேட்டா முறைக்கிற மனுசன்! இப்படியா ஒருத்தி புளுகுவா?"

விஜயராணி விடவில்லை. "எனக்கு மட்டும்னு நெனைச்சிராதீங்க. இந்தக் கம்பெனில எந்தப் பிள்ளை விளையாடுனாலும் இதே கவனிப்புத்தான். அப்படித்தானே மொதலாளி?"

மைக்கை அவர் வாயருகே நீட்டினாள். கேமராக்கள் அத்தனையும் அவர் பக்கம் திரும்பின.

"ஆ... ஆமாங்க" என்றார் லிங்கசாமி.

பையிங் ஆபீஸ் மேடம் எழுந்தே விட்டார். "ரொம்ப சந்தோஷம் சார்! இதை எங்க ரிப்போர்ட்ல முதல் பக்கத்துல போடுறேன். இப்ப விளையாடுற பொண்ணுங்க யார் யாரு? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

யாரும் அசையவில்லை.

ராக்கம்மாள் மகளின் புடவையைப் பிடித்து இழுப்பதற்குள் ஆஷா எழுந்து நின்றுவிட்டாள். செக்கிங் பகுதியிலிருந்து கபடி ஆடும் இரண்டு பேர் எழுந்தார்கள். அயர்ன் பகுதியிலிருந்து வாலிபால் ஆடும் ஒருத்தி. அப்புறம் இன்னும் மூன்று பேர்.

ஏழு பேரும் முதலாளியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நடுவில் நின்ற லிங்கசாமிக்கு வியர்த்துக் கொட்டியது.

"போச்சு! நாளைக்கு உன் சீட்டைக் கிழிக்கப் போறாரு" என்று திரும்பி வந்த மகளின் தொடையில் கிள்ளினாள் ராக்கம்மாள்.

விழா முடிந்தது. காருக்குப் போகும் வழியில் விஜயராணி இவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"என்னக்கா, பேச மாட்டேங்கிய?"

"புளுகிகிட்ட எனக்கென்ன பேச்சு? மெடலு வாங்குன கையோட உண்மையையும் வித்துட்டியேட்டீ."

விஜயராணி வாயைத் திறப்பதற்குள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு லிங்கசாமி வந்து சேர்ந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏன் கண்ணு, நெசமாவே எனக்கு ஞாபகம் இல்லியே. முட்டை, பாலு, வேனு... இதெல்லாம் நா எப்பக் குடுத்தேன்?"

விஜயராணி கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

"நாளைக்குச் சாயங்காலத்துல இருந்து, மொதலாளி!"