துப்பட்டா முடிச்சு

ஆட்டோ சிக்னலில் நின்றபோதாவது அவிழ்த்திருக்கலாம் என்று தமயந்தி மறுபடியும் நினைத்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் சுருண்டு விழுந்த பக்கத்து வீட்டு நாய் பிஸ்தாவை அவள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வலியில் இருக்கும் நாய் கடிக்கும் என்று எங்கோ படித்திருந்ததால், அதன் வாயைத் தன் துப்பட்டாவால் இறுகக் கட்டினாள். வழியெல்லாம் அது முன்னங்காலால் முடிச்சைப் பிறாண்டியது. “பொறுடா தங்கம்” என்று அந்தக் காலையும் பிடித்துக்கொண்டாள்.

“நாய்க்குச் சூடு வெளியே போறதே வாய் வழியாத்தாம்மா” என்றார் டாக்டர், உயிரில்லாத வாயிலிருந்து முடிச்சை அவிழ்த்தபடி. அதைக் கேட்டது அவள் மட்டும்தான்.

இன்று பிஸ்தாவை வளர்த்த ஜெசிந்தா வாசலில் வந்து நின்றாள். கையில், பிஸ்தாவின் உடலோடு போயிருந்த அந்தத் துப்பட்டா, துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து.

“ஊர்ல இல்லாத பாவி நான். கடைசிவரைக்கும் நீங்கதானேக்கா அவன்கூட இருந்தீங்க.”

எவ்வளவு தேய்த்தும் முடிச்சு விழுந்த இடத்தில் சுருக்கம் போகவில்லை.

“வாங்கிக்கோங்கக்கா. உங்களுக்குப் பிடிச்ச கலராச்சே.”

தமயந்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அது என்கிட்ட வேண்டாம் ஜெசி” என்றாள், மெதுவாக.