ஸ்ருட்கார்ட் மாப்பிள்ளை

"அக்கா, உங்கட மகள் படிப்புக்கு வந்தவளோ, மாப்பிள்ளை பாக்க வந்தவளோ?"

பாரிஸிலிருந்து தங்கை நிலாணி போனில் இப்படிக் கேட்டதும், சந்திரவதனா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மகள் துவாரகா ரொறன்ரோவில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் வருடம். வகுப்பு மாணவர்கள் எல்லோருமாகப் பேராசிரியரோடு பாரிஸ், சூரிச், ஜெர்மனியில் ஸ்ருட்கார்ட் என்று போய், விமான எஞ்சினும் ரயிலும் கியர்ப்பெட்டியும் செய்கிற கொம்பனிகளைப் பார்த்துவரப் புறப்பட்டிருந்தார்கள். ஒழுங்குகளைச் செய்த மாணவர் குழுவுக்கு அவள்தான் தலைவி. தாங்கள் குடியிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டிடத்தில் லிஃப்டில் ஏறியவர்கள் ஒருவரையும் விடாமல் சந்திரவதனா இதைச் சொல்லி முடித்திருந்தாள்.

"என்னடி அலம்புறாய்?"

"நான் ஏன் அலம்புறன்? நேற்று வீட்டை வந்து வடிவாச் சாப்பிட்டாள். சாப்பிட்டுப்போட்டு மெல்லமாக் கேக்கிறாள், 'சித்தி, ஸ்ருட்கார்ட்டில வேல் எண்டு ஒருத்தர், கியர்ப்பெட்டிக் கொம்பனியில எஞ்சினியர், அவரைத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ' எண்டு. ஆள் குடிக்குமோ, கோவக்காரரோ, வெள்ளிக்கிழமையில மச்சம் மாமிசம் சாப்பிடுவாரோ எண்டெல்லாம் விசாரிச்சுச் சொல்லட்டாம்."

"வெள்ளிக்கிழமையோ? இவள் வெள்ளிக்கிழமையிலயும் சிக்கன் விங்ஸ் திண்டுகொண்டு திரியிறவளெல்லே!"

"அதைத்தான் நானும் யோசிச்சன். காதல் வந்தாப் பக்தியும் வருமாக்கும்."

கலியாணம் பேசுமுன் நாலு இடத்தில் விசாரிப்பது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. அதற்கென்றே நாட்டுக்கு நாடு ஒரு சித்தி, ஒரு மாமா என்று பரப்பி வைத்திருக்கிறோம். ஆனால் விசாரிப்பது தாய் தகப்பன் பார்க்கிற வேலை. ஒரு பெண் தானே கிளம்பி, பேராசிரியரையும் கூட்டிக்கொண்டு ஐரோப்பா முழுக்க விசாரிப்பதை சந்திரவதனா இப்போதுதான் கேள்விப்படுகிறாள்.

பயணக் கூட்டம் சூரிச்சுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து அண்ணன் மகன் பிரசாந் போன் எடுத்தான்.

"மாமி, மச்சாள் வந்து சந்திச்சவ. எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு."

"ஏன்? என்ன கேட்டவள்?"

"ஸ்ருட்கார்ட்டில வேல் எண்டு ஒருத்தராம். அவர் குறட்டை விடுவாரோ எண்டு ஆரிட்டையும் கேட்டுச் சொல்லட்டாம்!"

சந்திரவதனா போனை வைத்துவிட்டு யோசித்தாள். பக்கத்தில் இடி விழுந்தாலும் எழும்பாதவள் துவாரகா. இவளே குறட்டை வரைக்கும் யோசித்துவிட்டாள் என்றால் காரியம் முற்றிவிட்டது என்றுதானே அர்த்தம்?

அன்று முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. துவாரகா தவழும் வயதில் கணவர் காலமாகிவிட்டார். அதிலிருந்து தாய்க்கு மகள், மகளுக்குத் தாய் என்றே காலம் ஓடியது. இவளும் கலியாணம் கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்விட்டால், அந்த உயரத்து மாடி வீட்டில் ஒரு சுண்டு அரிசி போட்டுத் தனியே சாப்பிட வேண்டியதுதான். 'அந்தப் பெடியன் குடிகாரனாக இருக்கவேணும், முருகா' என்றுகூட ஒரு தடவை கும்பிட்டுவிட்டாள். பிறகு வெட்கப்பட்டு அதை வாபஸ் வாங்கினாள்.

துவாரகா திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து, மெலிந்துபோனாய் என்று வழக்கப்படி சொல்லி, நகருக்கு வருகிற ரயிலில் ஏறி இருவரும் உட்காரும் வரைதான் சந்திரவதனாவால் பொறுக்க முடிந்தது.

"ஆரடி அந்த வேல்?"

துவாரகா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஓ மை காட்! சித்தி சொல்லிப்போட்டாவோ?"

"ஐரோப்பா முழுக்கச் சொல்லுது. நீ சொல்லு, ஆர்?"

"கியர்ப்பெட்டிக் கொம்பனியில எங்களுக்குச் சுத்திக் காட்டினவர். ட்ரிப் ஒழுங்கு செய்யேக்கயே அவரோட ஸூமில எத்தினையோ தரம் கதைச்சிருக்கிறன். நல்ல மனிசன் அம்மா. குடியில்லை. கோவம் வராது. வெள்ளிக்கிழமை மரக்கறிதான். சீரியஸ்லி, நான் எல்லாம் செக் பண்ணிப்போட்டன்."

"குறட்டை?" கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"கொஞ்சம் விடுவாராம். அட்ஜஸ்ட் பண்ணலாம்."

சந்திரவதனாவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் அவள் நினைக்கவில்லை. "அப்ப என்னைத் தனிய விட்டுட்டு ஜெர்மனிக்குப் போகப் போறாய், என்ன?"

"ஆர் போறது? கொம்பனி மிசிசாகாவில கிளை திறக்குது. அதைப் பாக்க அவரைத்தான் அனுப்புறாங்கள். சம்மருக்கு முதல் இஞ்ச வந்திடுவார்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மகள் எங்கேயும் போகமாட்டாள்! மிசிசாகா என்ன, கூப்பிடு தூரம். ஒரு வாரமாகத் திட்டித் தீர்த்த பெடியன் அந்த நொடியே தங்கமான பிள்ளையாகிவிட்டான். சந்திரவதனா மூக்கைத் துடைத்துக்கொண்டு, மாமியார் தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, பெடியனுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தி மூண்டு."

"ஐம்பத்தி மூண்டோ!" ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. "விசரியோடி நீ? கொப்பர் உயிரோட இருந்தா அவருக்கும் அந்த வயசுதானே!"

துவாரகா தாயின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம் அம்மா, அப்பாவின்ர வயசுதான்," என்றாள். "நான் மாப்பிள்ளை பாத்தது எனக்கில்லை, உங்களுக்கு."