மூடுபனியில் ஒரு குதிரைக்காரன்

“பாலத்துக்கு அந்தப் பக்கம் எத்தனை பேரு டீச்சர்?”

“மூடுபனி சார். காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்குது.”

லிஃப்ட் மெக்கானிக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முன்னால் மேஜை மேல் ஓர் ஆறு, ஒரு மரப்பாலம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் விரல் உயரத்தில் நீலச் சட்டை போட்ட ஈயச் சிப்பாய்கள். அந்தப் பக்கம் முழுக்கப் பஞ்சு. அதுதான் மூடுபனி.

சைக்கிள் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிற கிளப் அது. பழைய காலத்துப் போர்களைப் பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் திரும்பவும் நடத்திப் பார்ப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் மறைவு ஆட்டம். ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு மேஜை. அடுத்த அறையில் ஆடுவது யார், அது எந்தப் படை என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். நடுவரான பூகோள டீச்சர் மட்டும் இரண்டு அறைக்கும் நடையாய் நடந்து, சிப்பாய்களின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியதை வந்து சொல்வார். பாலத்தைப் பறிகொடுப்பவர் தன் படையையே கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

அதை நினைத்து மெக்கானிக் தன் சிப்பாய்களை மறுபடி எண்ணிப் பார்த்தார். பூட்டிய கதவை நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம் அவர். இந்த நீலப் படையோ, அவரும் தம்பியும் ஒரே விளக்கடியில் உட்கார்ந்து வண்ணம் தீட்டியது. ‘வீட்டில் பங்கு கேட்டு உன் தம்பி வரப்போகிறான்’ என்று யாரோ காதில் ஓதிவிட, அவன் வருவதற்குள் பூட்டை மாற்றிவிட்டார் மனிதர். வந்தவன் கொஞ்ச நேரம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். கிளப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். பாதிப் படை அவனிடமே தங்கிவிட, இவருக்கென்று மிஞ்சியது இந்தப் பாதிதான். இதுவும் போய்விட்டால் அவரிடம் ஒன்றுமில்லை.

“அங்க இருக்கிறது பல் டாக்டர்தானே? அவர்னா எனக்கு ஒரு சிப்பாய் மிஞ்ச மாட்டான். வேரோட பிடுங்கிடுவாரு.”

“சொல்லக் கூடாது சார்” என்று டீச்சர் போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மெக்கானிக் பீரங்கிகளைப் பாலத்துக்கு நேராகத் திருப்பினார். அவசரத்தில் ஒன்று கவிழ்ந்தது.

டீச்சர் திரும்பி வந்தார். “பாலத்துக்கிட்ட வந்து நின்னுட்டாங்க.”

“சுட்டாங்களா?”

“இல்ல.”

“பாத்தீங்களா! சுடாம நிக்கிறான்னா ஏதோ சூழ்ச்சி இருக்கு. சுட்டாக்கூடப் பரவாயில்ல டீச்சர், இந்த அமைதியைத்தான் நம்ப முடியல.”

டீச்சர் மறுபடி அடுத்த அறைக்குப் போனார். இந்தத் தடவை திரும்பி வர அதிக நேரமாயிற்று. மெக்கானிக் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்தார்.

“பனிக்குள்ளேருந்து ஒரு குதிரைக்காரன் வர்றான் சார். தனியா.”

“என்ன நிறச் சட்டை?”

“பனியில நிறம் எங்க தெரியும்? நிழல் மட்டும்தான்.”

“ஒத்தை ஆளா எதுக்கு வர்றான்?”

“கிட்ட வரவிட்டு விசாரிக்கலாம். இல்ல, சுடலாம். உங்க இஷ்டம்.”

“கிட்ட வரவிட்டா, அவன் பின்னாலேயே மொத்தப் படையும் வந்துட்டா?”

“அது நீங்க எடுக்க வேண்டிய முடிவு.”

மெக்கானிக் பகடையைக் கையில் எடுத்தார். பாலம் போனால் படை போயிற்று.

“சுடுங்க! எல்லாப் பீரங்கியும்!” என்று பகடையை வீசினார். ஆறு புள்ளி விழுந்தது; குறி தப்பவில்லை.

டீச்சர் பகடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி சார்” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த அறையில் சத்தமே இல்லை. எதிர்த்தாக்குதல் வரும் வரும் என்று மெக்கானிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். டீச்சர்தான் வந்தார். மேஜையில் இருந்த பஞ்சைச் சுருட்டி எடுத்தார்.

“பனி விலகிடுச்சு. ஆட்டம் முடிஞ்சுது. பாலம் உங்ககிட்டதான் இருக்கு.”

“அப்பாடா!” போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

“இது நீங்க சுட்ட ஆளு” என்று கையில் இருந்ததைப் பாலத்தின் மேல் படுக்க வைத்தார் டீச்சர்.

நீலச் சட்டை.

“என் ஆளு எப்படி அங்க போனான்?” மெக்கானிக் தன் வரிசையைப் பார்த்தார். எல்லாரும் இடத்திலேயே நின்றார்கள். குதிரையை எடுத்துத் திருப்பினார். பின்னங்காலில் மெல்லிய கம்பி ஒட்டு. எப்போதோ அது உடைந்தபோது, லிஃப்ட் வடத்தின் ஓர் இழையை வெட்டி ஒட்டியவர் அவரேதான்.

“எதிரியோட ஆளுன்னு நெனச்சு...”

“எதிரின்னு நான் ஒரு தடவையாவது சொன்னேனா சார்? ரெண்டும் ஒரே ராஜாவோட படை. பனியில வழி தவறிப் பிரிஞ்சவங்க.”

அறை வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

“டீச்சர் கூப்பிட்டாங்கன்னு வந்தேன். இந்த அறையில யாருன்னு எனக்கும் தெரியாதுண்ணா” என்றான். “அதான், யாருன்னு கேட்டுட்டு வரச் சொல்லி அவனை அனுப்பினேன்.”

மெக்கானிக் குதிரைக்காரனைக் கீழே வைக்க முடியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். தம்பி சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துப் பாலத்தின் பக்கத்தில் வைத்தான். பழைய பூட்டின் சாவி.

“அன்னிக்கு வந்து கதவைத் தட்டினதுகூட, வீடு நீயே வெச்சுக்கோன்னு சொல்லி இதைக் குடுத்துட்டுப் போகத்தான்.”