கடல் பக்க மூலை

அடுத்த பெருக்கில் கடல் சுரியாத்தி அக்காவின் வீட்டுக்குள் வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மரவீட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மேட்டில் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். ஆனால் இளவட்டங்களில் பாதிப்பேர் மொரோவாலி நிக்கல் ஆலைக்குப் போய்விட்டார்கள். அதனால் பின்னால் இருக்கும் கடல் பக்க மூலைக்குத் தோள் கொடுக்க எதிர்த்தீவுக்காரர்கள் வருவதாகப் பேச்சு.

வீட்டின் கால்களில் மூங்கில்களைக் கட்டிக் குனிந்தோம். முன்னால் நின்ற அம்போ துவோ குரல் கொடுத்தார்.

"பின்மூலை ஆளுங்க வந்தாச்சா?"

"வந்தாச்சு. தூக்குங்க" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

வீடு லேசாக எழுந்தது. பின்னால் வருபவர்களை வீடே மறைத்தது. வழியெல்லாம் அம்போ துவோவின் வாய் ஓயவில்லை.

"பின்மூலை, தூங்கிட்டீங்களா?"

"நடங்கண்ணே. உங்க பேச்சுதான் கனக்குது."

எல்லோரும் சிரித்தோம்.

மேட்டில் இறக்கியபோது ஒரு தட்டுகூட உடைந்திருக்கவில்லை. "இனிமே நிம்மதியாத் தூங்குவேன்" என்று சொல்லிக்கொண்டே அக்கா காப்பியும் பொரித்த வாழைப்பழமும் கொண்டுவந்தாள்.

அப்போதுதான் எதிர்த்தீவுக்காரர்கள் மூச்சிரைக்க மேடேறி வந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சு. நாங்க இல்லாமலே தூக்கிட்டீங்களா?"

அம்போ துவோ காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தோம். அந்த மூலையின் மூங்கில் மட்டும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. மிச்சமிருந்த வாழைப்பழத் தட்டை மூங்கிலடியில் வைத்தாள்.

"பாவம், இவ்வளவு தூரம் சுமந்தவங்க சாப்பிடாமலே போயிட்டாங்களே."