மூன்றாவது சலூன்

"முடி வெட்டறேன், சவரம் பண்றேன். சொடக்கு மட்டும் கேக்காதீங்க மாஸ்டர்."

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. கழுத்தில் மடக், மடக்கென்று இரண்டு சொடக்கு. அந்தச் சுகத்துக்காகவே இந்த நாற்காலிக்கு வருகிறவர் அவர்.

"ஏம்ப்பா, என்னாச்சு?"

"கை சுளுக்கு மாஸ்டர்."

அடுத்து உட்கார்ந்த ஆளின் கழுத்தில் அதே கை மடக்கென்று சொடக்கு எடுத்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் காதில் அது நன்றாகவே விழுந்தது.

மறுநாள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சலூன்.

"சொடக்கா? எங்க சங்கத்துல தடை போட்டுட்டாங்க சார்."

"எப்போ?"

சலூன்காரர் சுவரைப் பார்த்தார், சீப்பைப் பார்த்தார். "இப்பத்தான் சார்... காலையில."

மாஸ்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். முடக்குவாதம் பத்து விரலையும் பத்துத் திசைக்குக் கோணலாக்கி வைத்திருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "ஒட்டிக்கும்னு நினைக்கிறானுங்க! விரல் கோணிப்போனா மனுஷனே இல்லையா?"

"அதெல்லாம் இருக்காதுங்க. உங்களுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி, கழுத்து தாங்காதுன்னு பயந்திருப்பாங்க."

"உனக்கு எல்லாம் விளையாட்டுத்தான். கட்டினவன்மேல ஒரு அக்கறை இருக்கா?"

"இருக்கப்போய்த்தானே கேக்கறேன், போன வாரம் கழுத்தைப் படம் எடுத்தாங்களே, டாக்டர் என்ன சொன்னார்?"

"சாதாச் சுளுக்கு."

டாக்டர் சொன்னது அதுவல்ல. முடக்குவாதம் கழுத்துக்கு ஏறிவிட்டது. மண்டையைத் தாங்குகிற மேல் எலும்பு இரண்டும் பிடி தளர்ந்து நழுவுகின்றன. குனிந்தால் முதுகில் ஷாக் அடிப்பதும், கை மரத்துப்போவதும் அதனால்தான். ஆபரேஷன் செய்து எலும்புகளைப் பிணைத்தாக வேண்டும். அதற்குள் யாராவது கழுத்தைத் திருப்பினால் நரம்புத்தண்டு நசுங்கிக் கை கால் விழுந்துவிடும்.

'டாக்டர்னா நாலு வார்த்தை கூட்டித்தான் சொல்வார். ஒரு சொடக்கு எடுத்தா எல்லாம் சரியாயிடும். பாவம், இவகிட்ட சொன்னா பயந்து செத்துடுவா' என்று மாஸ்டர் கமுக்கமாக இருந்துவிட்டார்.

மூன்றாம் நாள் நாலு நிறுத்தம் தள்ளி, தன்னை யாரென்றே தெரியாத ஒரு சலூனுக்குப் போனார். கைகளைப் போர்வைத் துணிக்கடியில் பத்திரமாக மறைத்துக்கொண்டார்.

"ஒரு சொடக்கு எடுங்க, பெரியவரே."

வயதான அந்தச் சலூன்காரர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"போட்டோவுல கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கீங்க" என்றார். "நாலு நாளைக்கு முன்னால ஒரு அம்மா வந்து குடுத்துட்டுப் போனாங்க. சுத்துவட்டாரத்துல ஒரு சலூன் விடலையாம். பொய் சொல்லணும்னாங்க, எனக்கு அது வராது. நீங்களே படிச்சுக்குங்க."

போட்டோவின் பின்பக்கம், மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

'ஐயா, இவர் வந்து சொடக்கு கேட்பார். கும்பிட்டுக் கேட்கிறேன், கழுத்தில் கை வைக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. டாக்டர் கொடுத்த சீட்டை ஷூவுக்குள் ஒளித்து வைத்திருந்தார், எடுத்துப் படித்துவிட்டேன். ஆபரேஷனுக்கு நாளும் வாங்கிவிட்டேன். பக்குவமாக நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். அதுவரை ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள். மனுஷர் கொஞ்சம் பயந்த சுபாவம்.'