மூலையில் ஒரு கூடு

“வாங்கி ஆறு மாசமாச்சு, முட்டையே வைக்கலைங்க” என்றாள் மருமகள். கூட வந்திருந்த மாமியார் கூண்டுகளைப் பார்த்தபடி நின்றார்.

“ஃபிஞ்ச் குருவி ஜோடியை எங்கம்மா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார் பறவைக் கடைக்காரர்.

“ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல.”

“நல்லா இருக்கே! ஆள் போறதும் வர்றதுமா இருந்தா அதுங்க எப்படிம்மா குடும்பம் நடத்தும்? இந்த மூங்கில் கூட்டைக் கூண்டுக்குள்ள உசரமாக் கட்டி, கொஞ்சம் காய்ஞ்ச புல்லைப் போடுங்க. கூண்டை ஒதுக்குப்புறமா வெச்சிட்டு, அந்தப் பக்கமே போகாதீங்க.”

வழி நெடுக மாமியார் உம்மென்று வந்தார். குருவிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று மருமகளுக்குப் பயம்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மாமியார், “என்னங்க, எழுந்திருங்க! குருவிங்களுக்கு ஒதுக்குப்புறமா இடம் வேணுமாம். நம்ம கட்டிலை ஹாலுக்கு இழுக்கணும்” என்றார்.

மாமனார் திகைத்தார். “குருவிக்கு பெட்ரூமா? உனக்கென்ன பைத்தியமா?”

“குருவிக்கு பால்கனி மூலை போதும்.” மாமியாரின் குரல் தழைந்தது. “இருக்கிற ஒரே ரூமை நாம பிடிச்சுக்கிட்டு, கல்யாணமான நாள்லேருந்து பையனையும் இவளையும் ஹால்ல ஒரு ஸ்க்ரீனுக்குப் பின்னாடி படுக்க வெச்சிருக்கோம். கடைக்காரர் திட்டினது எனக்குத்தான் சுருக்குன்னு தைச்சுது.”

மருமகளுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. “உங்களுக்குத்தான் சிரமம் அத்தை…”

“ஒரு சிரமமும் இல்லை. அந்த ரூம் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டு வருஷக்கணக்காச்சு. எண்ணெய் விட்டுத் தர்றேன், இரு.”