கல்பெட்டி நிறையத் தண்ணீர்

வனத்துச் சாமியார் உயிரோடு இருக்கும்போதே ஊர் அவருக்குக் கல்லில் சவப்பெட்டி செய்துவிட்டது. அவர் கண்மூடியதும், அசந்தால் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் புனிதரின் உடலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். கல்தச்சன் அகுஸ்தீன் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து வெள்ளைக் கல்லைக் குடைந்தான். அவன் கை செய்ததிலேயே அதுதான் அழகு. மாடு பூட்டி இழுத்து, மலைமேல் அவர் இருந்த குகை வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள்.

கிழவர் அதைச் சுற்றிவந்து தடவிப் பார்த்தார். “நல்லா வழவழன்னு இருக்குப்பா. வேணும்கிறப்ப நானே கேக்குறேன். அதுவரைக்கும் சும்மாதானே கெடக்கும்?”

மறுநாளே ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து பெட்டியை நிரப்பிவிட்டார். அகுஸ்தீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பார்த்துப் பார்த்துச் சிலுவை செதுக்கிய விளிம்பை, தண்ணீர் குடிக்க வரும் மலையாடுகள் நக்குகின்றனவே! ஆனாலும் மனசு கேட்காமல் அடிக்கடி மேலே ஏறிப்போனான். போகப்போகக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வரத் தொடங்கினான்.

ஒருநாள் காலை, செபத்தில் உட்கார்ந்தபடியே கிழவர் போய்ச் சேர்ந்திருந்தார். ஊரே மெழுகுவர்த்தியோடு மேலே ஏறியது. பெட்டியில் ஒரு தாயாடு குட்டியோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்தும் நகரவில்லை.

“தண்ணிய எறச்சுக் கொட்டு, அகுஸ்தீனு. அந்த ஊர்க்காரன் வந்துறப்போறான்,” என்றார் ஊர்த்தலைவர்.

அகுஸ்தீன் பெட்டியைத் தொடவில்லை. குகையோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, குழி வெட்டப் பக்கத்திலேயே இளகிய மண் தேடினான்.

“வேணும்கிறப்ப கேக்குறேன்னாருங்க. இன்னும் கேக்கலையே.”